நகரத்தின் பிரச்சினைகளைச் சிறுவர்களிடம் கேட்போமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் உள்ள பாடசாலையொன்றில் நடைபெற்ற சித்திரப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவராக அழைக்கப்பட்டிருந்தேன். தூய்மையான நகரம் என்பது தலைப்பு. குவிந்திருந்த படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போன்று இருந்தன. பச்சை மரம், சிரிக்கும் சூரியன், குப்பைத்தொட்டிக்கு அருகில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள். ஒரு படம் மாத்திரம் வேறுபட்டிருந்தது. கறுத்த நீர் தேங்கிய வடிகானொன்றைச் சீருடையணிந்த பிள்ளைகள் பாய்ந்து கடக்கின்றனர். வடிகானின் குறுக்கே ஒரு குழாய். அதில் சோற்றுப் பொதி சுற்றிய தாள்கள் சிக்கிக் கிடக்கின்றன. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று கூறி அதனை ஒதுக்கிவைத்தோம். ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன்.

போட்டி முடிந்து வெளியே வந்தபோதுதான் பாடசாலை வாசலில் அதே வடிகானைக் கண்டேன். பிள்ளைகள் குப்பை போடுவதாலேயே அது அடைபடுகின்றது என்றார் உடன் வந்த ஆசிரியர். பிள்ளைகள் குப்பை போடுவது உண்மைதான். ஆனால் எவரோ எப்போதோ நீர்க்குழாயொன்றை வடிகானின் குறுக்கே தாழ்வாகப் பதித்துச் சென்றிருந்தனர். மழைநீர் அடித்துவரும் ஒவ்வொரு தாளும் அங்கேதான் தங்கியது. பெரியவர்களாகிய நாம் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி குழாயைக் கண்டுபிடித்திருந்தாள்.

கல்வியுலகில் இன்று பெரிதும் பேசப்படும் 'வடிவமைப்புச் சிந்தனை' என்பதன் முதற்படி இதுதான். ஒரு பிரச்சினையுடன் வாழ்பவர்களிடம் சென்று பார்த்தும் கேட்டும் அறிதல், நாம் பிரச்சினை என்று எண்ணியது உண்மையில் அதுதானா என மீளவும் வினவுதல், பல தீர்வுகளைக் கற்பனை செய்தல், அவற்றுள் ஒன்றைச் சிறிய அளவில் செய்து பார்த்துப் பிழை கண்டு திருத்துதல் என்பன அதன் படிகள். பொறியியலாளரும் கட்டடக்கலைஞரும் தமது தொழிலில் செய்துவருவதைப் பாடசாலைப் பிள்ளைகளும் செய்யலாம் என்பதே இதன் அடிப்படை.

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2001ஆம் ஆண்டில் ரிவர்சைட் என்னும் பாடசாலையைத் தொடங்கிய கிரண் பீர் சேத்தி, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்றவர். குழந்தைத் தொழிலாளர் பற்றிக் கற்பிக்க விரும்பிய அவரது பாடசாலை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எட்டு மணித்தியாலங்கள் ஊதுபத்தி உருட்ட வைத்தது. முதுகு வலித்த பின்னர் அப்பிள்ளைகள் நகருக்குள் சென்று, சிறுவரை வேலைக்கு அமர்த்துவது ஒழிய வேண்டும் என்று பெரியவர்களிடம் வாதிட்டார்கள். உணர்தல், கற்பனை செய்தல், செய்தல், பகிர்தல் என்ற நான்கு படிகளைக் கொண்ட அவரது முறை 2009இல் 'டிசைன் ஃபோர் சேஞ்ச்' என்னும் இயக்கமாகி இன்று பல நாடுகளுக்குப் பரவியுள்ளது.

இதற்கும் முன்னர், 1991ஆம் ஆண்டில், இத்தாலியின் ஃபானோ நகரில் பிரான்செஸ்கோ தொனூச்சி என்னும் கல்வியியலாளர் 'சிறுவர்களின் நகரம்' என்ற திட்டத்தைத் தொடக்கிவைத்தார். எமது நகரங்கள் வாகனம் ஓட்டும், உழைக்கும், வளர்ந்த ஆண்மகனை மனதிற்கொண்டு கட்டப்பட்டவை என்பது அவரது வாதம். ஒரு சிறுபிள்ளை தனியே நடந்து செல்லக்கூடிய வீதி முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பொருந்தும் என்றார். அத்திட்டத்தில் சிறுவர் சபையொன்று நகர முதல்வருக்கு நேரடியாக ஆலோசனை கூறுகின்றது.

அதே 1991ஆம் ஆண்டில்தான் இலங்கையும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் சிறுவர் கருத்துக் கூறவும் அக்கருத்துக்கு உரிய மதிப்பளிக்கப்படவும் வேண்டும் என்கிறது அதன் 12ஆவது உறுப்புரை. நாம் செய்தது என்ன? சிறுவர் தினத்தில் மேடையேற்றிப் பேச வைத்தோம். டெங்கு பற்றிச் சுவரொட்டி வரைய வைத்தோம். சரியான விடையின் கீழ்க் கோடிடப் பழக்கினோம். புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடிகாலையிலும் அந்தியிலும் வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்குத் தன் வீதியை நின்று பார்க்க நேரமேது? வடிகானுக்கு நான்கு விடைகள் தரப்படுவதில்லை. வினாவையே நாம்தான் எழுத வேண்டியிருக்கின்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கையையும் இங்கு கூறிவைக்க விரும்புகிறேன். வசதியுள்ள பாடசாலைகளில் வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டி, அரைநாளில் நகரத்தைத் 'தீர்த்துவிட்டு', சான்றிதழுடன் வீடு திரும்பும் பயிற்சிப் பட்டறையாக இது சுருங்கிவிடலாகாது. வடிகானைத் துப்புரவு செய்வது மாநகர சபையின் கடமை. அக்கடமையைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவதற்கும் இது ஒரு சாட்டாகக் கூடாது.

இதனிலும் பெரிய ஆபத்து, கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டனர். அந்த மலை ஆபத்தானது என்பது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. அயலில் வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகளாக வீதிக்கு இறங்கிக் கூறிவந்தார்கள். அங்கு பிரச்சினையை அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, செவிசாய்ப்பவர்களே இருக்கவில்லை. அத்தகைய நாட்டில் பிள்ளைகளிடம் பிரச்சினையைக் கண்டறியச் சொல்லிவிட்டு அவர்களது அறிக்கையை அலுமாரியில் வைத்துப் பூட்டுவோமானால், 'சொல்லிப் பயனில்லை' என்ற பாடத்தையே அவர்கள் இளமையிற் கற்றுக்கொள்வார்கள். அதைவிட ஒன்றும் கற்பிக்காமலிருப்பது மேல்.

ஆகவே எனது யோசனை எளிமையானது. ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கு ஒரு தடவை, தன் வாசலில் இருந்து அரை மைல் சுற்றளவில் ஒரேயொரு பிரச்சினையைத் தெரிவு செய்யட்டும். அது வடிகானாகவோ, மஞ்சட் கோடு அழிந்த வீதிக்கடவையாகவோ, நிழலில்லாத பஸ் தரிப்பிடமாகவோ இருக்கலாம். பிள்ளைகள் பார்க்கட்டும்; கடைக்காரரையும் துப்புரவுத் தொழிலாளியையும் கேட்கட்டும்; அட்டையிலும் தடியிலும் மாதிரி செய்து பார்க்கட்டும். பின்னர் அதனை உள்ளூராட்சி சபையின் முன் வைக்கட்டும். ஒரு மாதத்துக்குள் சபை எழுத்தில் பதில் தரவேண்டும். முடியாதெனின் ஏன் முடியாது என்பதையும் எழுத வேண்டும். பணமில்லை, காணி தனியாருடையது, வீதி மற்றொரு திணைக்களத்துக்குரியது என்பனவும் ஒரு பிரசை அறிந்திருக்க வேண்டிய பாடங்களே. இதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை. சபையில் ஒரு நாள் கூட்டமும் ஒரு கடிதத் தலைப்புத் தாளும் போதுமானவை.

அந்தச் சிறுமிக்கு அன்று நாம் பரிசு கொடுக்கவில்லை. அது பெரிய விடயமன்று. அவள் கண்டுசொன்ன குழாயைப் பற்றி எவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பெயரைக் கேட்டறியாமல் வந்துவிட்டதை எண்ணி இன்றும் நான் வெட்கப்படுகின்றேன்.