ஆராய்ச்சியை ஆராய்தல்

புதிய ஆராய்ச்சி முடிபு ஒன்று வெளிவராத நாள் இக்காலத்தில் இல்லை. இன்ன உணவு இதயத்திற்கு நன்று என்று ஒரு வாரம் கேட்கின்றோம். அவ்வுணவே தீது என்று மறுவாரம் கேட்கின்றோம். குழந்தை வளர்ப்புப் பற்றியும் நித்திரை பற்றியும் நினைவாற்றல் பற்றியும் நாள்தோறும் ஒரு புதுமை. பத்திரிகையும் வானொலியும் சுமந்து வந்த இச்செய்திகளை இன்று ஒவ்வொருவர் கையிலுமுள்ள தொலைபேசி கணப்பொழுதிற் கொணர்ந்து சேர்க்கின்றது.

இவற்றைக் கேட்போர் பெரும்பாலும் இரு திறத்தினர். “விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர்” என்ற ஒரு சொல்லுக்கே தலைவணங்கி அனைத்தையும் நம்புவோர் ஒரு திறத்தினர். “இன்று ஒன்று கூறுவர், நாளை வேறொன்று கூறுவர்” என்று அனைத்தையும் தள்ளுவோர் மற்றொரு திறத்தினர். இவ்விரு திறத்தாரும் தம்முள் மாறுபட்டவர் போலத் தோன்றினும், அவரிடத்துள்ள குறை ஒன்றே. இம்முடிபு எவ்வாறு பெறப்பட்டது, யார் அதனை மீண்டும் சோதித்தனர் என்ற வினாவை இருவரும் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பப் பழக்குவதே இன்று ஒரு கல்லூரி தன் மாணவர்க்கு அளிக்கக்கூடிய தலையாய விஞ்ஞானக் கல்வி என்பது எமது கருத்து.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. புள்ளிவிபரவியலின் அடிப்படை முழுவதும் இப்பழமொழியுள் அடங்கியுள்ளது எனினும் பொருந்தும். ஒரு சோற்றைக் கொண்டு பானை முழுவதையும் மதிப்பிடலாம். ஆயின் அரிசி ஓரினமாயிருத்தல் வேண்டும், ஒரே நீரில் வெந்திருத்தல் வேண்டும், அகப்பையாற் கிளறப்பட்டிருத்தல் வேண்டும். கிளறாத பானையின் மேற்சோறு வேகாதிருக்க அடிச்சோறு கருகியிருக்கலாம். மனிதரோ ஒரு பானைச் சோறு அல்லர். ஊராலும் உணவாலும் செல்வத்தாலும் வயதாலும் வேறுபட்டவர். ஆதலின் ஓரிடத்துச் சிலரை ஆராய்ந்து உலகத்தார் அனைவர்க்கும் முடிபு கூறப் புகுவோர், கிளறாத பானையில் ஒரு சோறு எடுத்தவராவர்.

இதற்கு உளவியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில், 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் முற்பகுதியிலும், வோல்ற்றர் மிஷெல் என்னும் உளவியலறிஞர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். பிள்ளையின் முன் ஓர் இனிப்புப் பண்டம் வைக்கப்படும். சிறிதுநேரம் உண்ணாது பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்திற் பரீட்சைகளிற் சிறந்து விளங்கினர் என்ற முடிபு உலகெங்கும் பரவிற்று. பொறுமையைப் பழக்கினால் வாழ்க்கை செழிக்கும் எனப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அறிவுரை கூறப்பட்டது. ஆயின் அப்பிள்ளைகள் பெரும்பாலும் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களிற் பிறந்தவர்கள். 2018ஆம் ஆண்டில் வேறு மூன்று ஆராய்ச்சியாளர், பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களைக் கொண்டு அதனை மீண்டும் ஆராய்ந்தனர். அத்தொடர்பு முன்னர்க் கூறப்பட்டதில் ஏறக்குறையப் பாதியளவே காணப்பட்டது. குடும்ப நிலையையும் வீட்டுச் சூழலையும் கணக்கிற் கொண்டபோது எஞ்சியது மிகச் சிறிது. பிள்ளையின் குணம் எனக் கருதப்பட்டதிற் பெரும்பகுதி பிள்ளை பிறந்த வீட்டின் நிலையே எனத் தெரிந்தது. “இவன் பொறுமையற்றவன், இவன் உருப்படான்” என்று ஒரு சிறுவனைக் குறித்து முடிவுகட்டும் எவரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இஃது ஒரு தனி நிகழ்ச்சி அன்று. 2015ஆம் ஆண்டில், பிறையன் நோசெக் என்பாரின் தலைமையிற் பல நாட்டு அறிஞர் ஒன்றுகூடி, புகழ்பெற்ற உளவியற் சஞ்சிகைகளில் வெளிவந்த 100 ஆராய்ச்சிகளை மீண்டும் செய்து பார்த்தனர். முதல் ஆராய்ச்சிகளுள் 97 வீதமானவை புள்ளிவிபர முறைப்படி வெற்றி கண்டவை. மீளச் செய்தபோது வெற்றி கண்டவை 36 வீதமே. விஞ்ஞானத்தின் மானம் போயிற்று என்று சிலர் இதனைக் கேட்டு நகைத்தனர். அந்நகைப்புப் பொருத்தமற்றது. அக்குறையைக் கண்டவர் யார்? உளவியலறிஞரே. அதனை மறையாது வெளியிட்டவர் யார்? அவரே. தன் கணக்கைத் தானே மறுபடி கூட்டிப் பார்க்கும் வணிகன் நட்டத்தைக் கண்டறிந்தால், அவனது நேர்மை பழுதுபட்டதென்று யாரேனும் கூறுவரோ?

இனிச் சுகாதாரத் துறையை நோக்குவாம். இங்கே நம்பிக்கையும் அவநம்பிக்கையும் உயிரோடு தொடர்புடையன. 1998ஆம் ஆண்டில் அன்ட்றூ வேக்பீல்ட் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர் குழுவினரும் லான்செற் என்னும் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று நோய்க்குமுரிய தடுப்பூசிக்கும் ஓட்டிசம் என்னும் குறைபாட்டிற்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பிற்று. அக்கட்டுரை ஆராய்ந்த பிள்ளைகள் 12 பேர் மட்டுமே. பெற்றோர் அஞ்சினர், பிரித்தானியாவில் தடுப்பூசி பெறுவோர் தொகை குறைந்தது, சின்னமுத்து மீண்டும் தலைகாட்டிற்று. 2002ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டினர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து அத்தகைய தொடர்பு இல்லை எனக் கண்டனர். 2010ஆம் ஆண்டில் லான்செற் சஞ்சிகை அக்கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது. அவ்வாண்டிலேயே அவர் மருத்துவர் பதிவேட்டினின்றும் நீக்கப்பட்டார். எனினும் அந்த அச்சம் இன்றும் முற்றாக நீங்கவில்லை. 12 பேரைக் கொண்டு எழுந்த ஐயத்தை ஐந்து இலட்சம் பேரைக் கொண்டும் அழிக்க முடியவில்லை.

இதற்கு எதிர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. குடற்புண்ணுக்கு மனக்கவலையும் அமிலமிகுதியுமே காரணம் என மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து மருத்துவர்களான றொபின் வொரன், பரி மார்ஷல் ஆகிய இருவரும் ஒருவகைப் பற்றீரியாவே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்றனர். நம்புவார் சிலரே. 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். கேட்போரை வியப்பிலாழ்த்தும் செயல் அது. ஆயினும் அச்செயலொன்றே அவர்தம் கொள்கையை நிலைநாட்டவில்லை. பிற நாடுகளில், பிற மருத்துவர், பல நோயாளருக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்து, புண் ஆறி மீண்டும் வாராமை கண்ட பின்னரே உலகம் ஏற்றது. 2005ஆம் ஆண்டில் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

வேக்பீல்டும் ஊரார் நம்பிக்கைக்கு எதிராகப் பேசினார். மார்ஷலும் எதிராகப் பேசினார். எதிர்த்துப் பேசுவோன் வீரன் என்பதும் தவறு. எதிர்த்துப் பேசுவோன் பித்தன் என்பதும் தவறு. ஒருவர் கூற்றுப் பிறர் கையிற் சோதிக்கப்பட்டபோது வீழ்ந்தது. மற்றவர் கூற்று நின்றது. வேறுபாடு அவ்வளவே.

தொழில்நுட்பத் துறையிலும் இவ்விதியே ஆட்சி செய்கின்றது. உடலிலுள்ள புரதங்கள் எவ்வாறு மடிந்து உருப்பெறுகின்றன என்பதைக் கணிப்பது நெடுநாட் பிரச்சினை. 1994ஆம் ஆண்டு முதல் இதற்கென ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு போட்டி நடைபெற்று வருகின்றது. ஆய்வுகூடத்தில் உருவம் கண்டறியப்பட்டும் வெளியிடப்படாத புரதங்களே வினாக்கள். விடை போட்டியாளர் எவர்க்கும் தெரியாது. முத்திரையிட்ட வினாத்தாளைப் பிரித்துப் பரீட்சை எழுதும் நம் மாணவர்க்கு இம்முறை நன்கு விளங்கும். 2020ஆம் ஆண்டுப் போட்டியில் ஆல்பாபோல்ட் என்னும் கணினி முறை பிறர் வியக்கும் திருத்தத்துடன் விடை கூறிற்று. அதனை ஆக்கியோருள் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகிய இருவரும் 2024ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். செயற்கை நுண்ணறிவு அதனைச் செய்யும், இதனைச் செய்யும் என்று இன்று ஆயிரம் விளம்பரங்கள் கேட்கின்றோம். அவற்றுள் எவை மறைத்து வைத்த வினாவுக்கு விடை கூறித் தேறியவை என்று கேட்பதே நம் கடமை.

சூழலியலில் ஒரு செய்தி எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது. அந்தாட்டிக்காவின் ஹலி என்னும் நிலையத்திற் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 1950களின் பிற்பகுதி தொடங்கி ஆண்டுதோறும் வானத்து ஓசோனை அளந்து குறித்து வந்தனர். புதுமை எதுவுமற்ற, புகழ் எதுவும் தராத வேலை அது. 1985ஆம் ஆண்டில் ஜோ பார்மனும் உடனுழைத்த இருவரும் அக்குறிப்புகளைக் கொண்டு, அங்கு வசந்தகால ஓசோன் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டதை உலகுக்கு அறிவித்தனர். குளிரூட்டிகளிற் பயன்பட்ட வாயுக்களால் இத்தகைய கேடு விளையக்கூடும் என 1974ஆம் ஆண்டிலேயே மொலினா, றோலன்ட் என்னும் இரசாயன அறிஞர் எச்சரித்திருந்தனர். 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. ஓசோன் இன்று மெல்ல மீண்டு வருகின்றது. முப்பதாண்டுக் குறிப்பேடு இல்லாதிருப்பின் குறைந்தது என்று யார் கூறியிருக்க முடியும்?

நம் நாட்டுக்கு இப்பாடம் புதியதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். பின்னர் நுளம்பொழிப்பு முயற்சியின் பயனாக, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்தது என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1960களின் இறுதிக்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்காய்ப் பெருகிற்று. மீண்டும் பல்லாண்டு உழைத்த பின்னரே, 2016ஆம் ஆண்டில், மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் நமக்கு அளித்தது. அளப்பதை நிறுத்தியவன் அறிவதையும் நிறுத்துகின்றான்.

வட மத்திய மாகாணத்து உழவரை 1990கள் தொட்டு வாட்டி வரும் சிறுநீரக நோயோ இன்னும் விடுவிக்கப்படாத புதிர். வன்னீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், பார உலோகங்கள், கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் என ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சுட்டினர். ஒவ்வொரு கட்டுரை வெளிவந்தபோதும் காரணம் கண்டாயிற்று என்ற ஆரவாரம் எழுந்தது. கிளைபோசேற்று என்னும் களைகொல்லி 2015ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. காரணம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. இதனாற் கைகட்டியிருத்தல் தகும் என்பதன்று எம் கருத்து. நல்ல நீர் வழங்குதற்கு முழு முடிபு வேண்டியதில்லை. காரணம் இதுவே எனப் பறைசாற்றுதற்கே அது வேண்டும். செய்யத்தக்கதை இன்று செய்தலும், சொல்லத்தகாததை இன்று சொல்லாதிருத்தலும் ஒருங்கே இயலும்.

இவையெல்லாம் நிபுணர் வேலை; சாதாரண மக்களுக்கு நேரமும் தகைமையும் ஏது என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும் நோய்க்கூறு ஆராய நாம் மருத்துவராதல் வேண்டுமேயன்றி, நான்கு வினாக்களைக் கேட்க மருத்துவராதல் வேண்டுவதில்லை. எத்தனை பேரைக் கொண்டு ஆராய்ந்தனர்? அவர்கள் எத்தகையோர்? பிறர் செய்து பார்த்தனரா? இம்முடிபால் ஊதியம் பெறுவோர் யார்? சந்தையிற் கத்தரிக்காய் வாங்குபவன் உழவனல்லன். எனினும் புரட்டிப் பார்த்தே வாங்குகின்றான்.

நம் பாடசாலைகள் இதனைப் பழக்குகின்றனவா? உயர்தர வகுப்பு மாணவன் விதிகளை நெட்டுருச் செய்கின்றான். விடை முன்பே தெரிந்த பரிசோதனையைச் செய்து, அவ்விடை வரும்வரை எண்களைத் திருத்தி எழுதுகின்றான். வந்த எண்ணை வந்தவாறே எழுதியவனுக்குப் புள்ளி குறைகின்றது. பொய்யை விஞ்ஞானத்தின் பெயரால் நாமே பழக்குகின்றோம் என்று கூறின் மிகையாகாது. இஃது ஆசிரியரின் குற்றமன்று. பரீட்சையொன்றையே குறியாகக் கொண்ட கல்விமுறையின் குற்றம்.

விழாக் காலங்களில் நினைவுக் கட்டடங்கள் எழுப்புதல் பழைய மாணவர் வழக்கம். நன்றே. ஆயின் அதனினும் எளியதும் நெடும்பயன் தருவதுமான ஒன்றை இம்மலர் வாயிலாக வேண்டுகின்றோம். கல்லூரி வளவில் ஒரு மழைமானியும், கிணற்றிலே ஒரு நீர்மட்ட அளவுகோலும், ஒரு தடித்த குறிப்பேடும் வைப்போமாக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் உயிர் அதன் சுண்ணக்கற் பாறையுள் தங்கும் மழைநீரே. அளவின்றி இறைத்தால் உவர் ஏறும். உரமும் மலக்கழிவும் கசிந்தால் நைத்திரேற்று மிகும். அது கைக்குழந்தைகளின் குருதியையே பாதிக்கும். நாள்தோறும் மழையையும், வாரந்தோறும் நீர்மட்டத்தையும், மாதந்தோறும் நீரின் உவரையும் நைத்திரேற்றையும் மாணவர் அளந்து, வந்த எண்ணை வந்தவாறே எழுதட்டும். ஒருவர் அளந்ததை மற்றொருவர் மறுமுறை அளந்து ஒப்பமிடட்டும். பழைய மாணவர் செய்யவேண்டியது கருவிகளுக்கும் சோதனைச் செலவுக்கும் ஒரு சிறு நிதியம் நிறுவுதலே.

முதலாண்டில் அக்குறிப்பேடு எவர்க்கும் பயன்படாது. பத்தாம் ஆண்டிற் சிறிது பயன்படும். ஐம்பதாம் ஆண்டில், நம் கிணறுகள் பற்றி யாரேனும் நன்மையோ தீமையோ கூற வரும்போது, ஆம் என்றோ அன்று என்றோ சான்றுடன் கூற வல்ல நூல் அதுவாகவே இருக்கும். தந்தை தொடங்கிய ஏட்டிலே மைந்தனும் பேரனும் எழுதுவர். உண்மையை நேசிக்கும் பழக்கத்தை இதனினும் எளிதாய் மாணவர்க்கு ஊட்டும் வழி வேறொன்று எமக்குத் தோன்றவில்லை. பழைய மாணவர் சங்கத்தாரும் அதிபரும் ஆசிரியர்களும் இதனைச் சிந்தித்து, வரும் மாரிக்கு முன் ஆவன செய்வாராக.