5070 வாங்கினா 4090 வேகம் கிடைக்குமா? பழைய கிராபிக்ஸ் கார்டா, புதுசா... எதை வச்சு முடிவு பண்றது?

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், என்விடியா தலைமைச் செயல் அதிகாரி ஜென்சன் ஹுவாங் சொன்ன ஒரு விஷயம் கேமர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2022இல் 1,599 டாலர் விலையில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் செயல்திறன், புதிய ஆர்டிஎக்ஸ் 5070 கார்டில் வெறும் 549 டாலருக்குக் கிடைக்கும் என்பதுதான் அது.

மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அதே வேகமா? மார்ச் மாதம் கார்டு கடைக்கு வந்தபோது, சோதித்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது. வழக்கமான முறையில் கேமை ஓட்டினால் 5070, 4090ஐ விட வெகுதூரம் பின்னால்தான் நின்றது.

அப்போ சொன்னது பொய்யா?

பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஏஐ இல்லாமல் இது சாத்தியமில்லை என்று அதே மேடையில் ஹுவாங்கே சொன்னார். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

4090இல் இருப்பது 16,384 கோர்கள், 24 ஜிபி மெமரி. 5070இல் 6,144 கோர்கள், 12 ஜிபி மெமரி. இந்த இடைவெளியை நிரப்புவது 'மல்டி பிரேம் ஜெனரேஷன்' என்ற வசதி. கார்டு ஒரு பிரேமை உண்மையாகக் கணக்கிட்டு வரையும். அதற்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவில், 2025இல் கார்டு வந்தபோது, மூன்று பிரேம்கள் வரை ஏஐ ஊகித்து நிரப்பியது.

உதாரணத்துக்கு, கார்டு நொடிக்கு 30 பிரேம் வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 120 என்று எண் காட்டலாம். படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்வது அந்த 30 பிரேம் வேகத்தில்தான். கதை கேம் ஆடுபவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. சுட்டு விளையாடும் ஆன்லைன் கேம் ஆடுபவருக்குக் கண்டிப்பாகத் தெரியும்.

அதனால் இரண்டு கார்டுகளை ஒப்பிடும் வரைபடத்தைப் பார்த்தால், முதலில் தேட வேண்டியது ஒன்றுதான். பிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்த எண்ணா, போடாமல் எடுத்ததா?

ஒரே வேகம், வேற தலையெழுத்து

பழசு, புதுசு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு ஜோடி உதவும். ஒன்று, 2017இல் 699 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. அந்தக் காலத்து ராஜா. இன்னொன்று, 2021இல் 329 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060.

இரண்டிலும் என்விடியா சொல்லும் கோர் எண்ணிக்கை ஒன்றே: 3,584. மெமரியும் 11 ஜிபி, 12 ஜிபி என்று கிட்டத்தட்ட சமம். ரே டிரேசிங் இல்லாத கேம்களில் பெரும்பாலும் வேகமும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். மின்சாரத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு: 1080 டிஐக்கு 250 வாட், 3060க்கு 170 வாட்.

இதை மட்டும் பார்த்தால், செகண்ட் ஹேண்டில் 1080 டிஐ மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

2024 டிசம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' கேமும், 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமும், ஒளியைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி கார்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் தேவை. 1080 டிஐயில் அந்த வன்பொருளே கிடையாது. வேகம் இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அடுத்த அடி டிரைவர் பக்கமிருந்து வந்தது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபருடன் முடிந்தது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். கையில் இருக்கும் கார்டு நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் இனி வரும் கேமில் பிரச்னை வந்தால் சரிசெய்துகொடுக்க ஆள் இல்லை.

புதுசுன்னா எல்லாத்துலயும் மேலயா?

அதுவும் இல்லை. 2023இல் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுத்துக்கொள்வோம். பழைய 3060ஐ விட சராசரியாக 20 சதவீதம் வேகம் என்பது என்விடியாவே கொடுத்த கணக்கு. மின்சாரமும் 115 வாட்தான். ஆனால் மெமரி 12 ஜிபியில் இருந்து 8 ஜிபியாக இறங்கிவிட்டது.

கேம் கேட்கும் மெமரி 8 ஜிபிக்குள் இருக்கும்வரை 4060 முன்னால் ஓடும். அதைத் தாண்டினால், கார்டு கம்ப்யூட்டரின் ரேமில் இருந்து தகவலை இழுத்து வர வேண்டும். அப்போது படம் திக்கித் திக்கி நகரும், அல்லது காட்சிகள் மங்கலாகத் தெரியும். அந்த இடத்தில் பழைய 3060 நிதானமாக ஓடும். வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். மெமரிக்குள் மாடல் அடங்காவிட்டால் வேகம் உதவாது.

2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இலும் அதே 8 ஜிபிதான். மெமரியின் வேகம் கூடியிருக்கிறது, அளவு கூடவில்லை.

இந்த நிலை சீக்கிரம் மாறும் என்று எதிர்பார்ப்பதும் கஷ்டம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. சாதாரண மக்களுக்கு ரேம் விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டையே மூடுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது.

காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* என்ன கேம் ஆடுகிறீர்கள்? வாலரண்ட், ஜிடிஏ 5 மாதிரி கேம்கள் போதும் என்றால், கையில் இருக்கும் பழைய கார்டே போதும். மாற்ற அவசரமில்லை.
* பெயரில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் கார்டின் தகுதி. 4060 என்பதால் 3080ஐ மிஞ்சிவிடாது.
* செகண்ட் ஹேண்ட் என்றால் ஆர்டிஎக்ஸ் வரிசைக்குக் கீழே இறங்க வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650, 1660 கார்டுகளுக்கு டிரைவர் வருகிறது, ஆனால் அவற்றிலும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லை. கடையிலேயே ஒரு கேமை ஓட்டிப் பார்த்து, சூடும் சத்தமும் எப்படி என்று கவனித்த பிறகு காசு கொடுங்க.
* பழைய மதர்போர்டா? 4060, 5060 கார்டுகள் எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துபவை. பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால், மெமரி நிரம்பும் நேரத்தில் வேகம் இன்னும் அடிவாங்கும். பவர் சப்ளை தாங்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்க.
* ஜிடிஎக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் உடனே செலவு செய்ய வேண்டியதில்லை. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வசதி உள்ள கேம்களில், போட்டி நிறுவனமான என்விடியாவின் பழைய கார்டுகளிலும் அதைப் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டலாம்.

விளம்பர வரைபடத்தில் எந்தக் கம்பி உயரம் என்பதை விட, நீங்கள் ஆடப்போகும் கேமின் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையைப் படிப்பது நல்லது. அங்கே உங்கள் கார்டின் பெயர் இருக்கிறதா, எத்தனை ஜிபி கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறந்தால் போதும்.