நடவு வயலும் முதுகெலும்பும்

மேட்டூர் அணை திறந்து காவிரி நீர் தஞ்சை வாய்க்கால்களை எட்டியதும் விளைச்சல் கணக்கைப் பேசுகிற நாம், நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் பெண்களின் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைப் பற்றிப் பேசுவது அபூர்வம்.

முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குவதே காலில் இறங்கும் வலிக்குக் காரணமாகலாம் என்று 1934இல் அமெரிக்க வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டிய பின் சஸ்திர சிகிச்சைக்கு மதிப்பு ஏறியது. ஆயினும் அவ்வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிகிறதென்பதும், வலியே இல்லாதோரின் ஸ்கேன் படத்திலும் பிதுக்கம் தென்படுமென்பதும் தெரிந்த விஷயங்களாதலால், படத்தை மட்டும் நம்பிக் கத்தியை நாடுவது விவேகமன்று. ஆனால் சிறுநீர் அடைபட்டாலோ, அந்தரங்கப் பகுதி மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்தாலோ, தைலமும் ஒற்றடமுமாகக் காலங்கடத்தாமல் அன்றே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கலாம். பாரம் தூக்காமல், மெல்ல நடந்து தேற வேண்டிய வாரங்களின் கூலிக்கு யார் பொறுப்பு? நடவைத் தவிர வேறு ஜீவனமில்லாதவளிடம் 'குனியாதே' என்பது, சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், 'பட்டினி கிட' என்பதற்குச் சமானம். பிரசவத்திற்கு உதவித்தொகை அளிக்கும் சர்க்காருக்கு, இந்த ஓய்வு வாரங்களின் கூலிக்கும் ஒரு தொகை ஒதுக்குவது அசாத்தியமன்று.