கட்டளை பிறந்த ஆண்டு எது?

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் உழைக்கும் பெருங்கணிப்பொறிகளைப் பேணும் பணியில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அமர்ந்துள்ளனர். "இந்தக் கட்டளை எந்த ஆண்டில் வந்தது?" என்னும் வினா அவர்கள்முன் அடிக்கடி எழுவதுண்டு. வினா எளிது, விடையோ அத்துணை எளிதன்று.

ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை 1964 ஏப்ரல் 7ஆம் நாள் அறிவித்தது. அதில் தரவுகளை இடம் பெயர்க்கும் எம்.வி.சி. என்னும் கட்டளை, ஒரு முறைக்கு 256 பைட்டுகளையே பெயர்க்கும். 1970 ஜூனில் அறிவிக்கப்பெற்ற சிஸ்டம்/370, ஒரே ஆணையில் 1,67,77,215 பைட்டுகள்வரை பெயர்க்கும் எம்.வி.சி.எல். கட்டளையைக் கொணர்ந்தது.

ஆயினும், வரிசையின் பெயரை மட்டும் நம்புதல் தகாது. மெய்நிகர் நினைவகமும் அதற்குரிய கட்டளைகளும் 370 வரிசைக்கு 1972 ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டன. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பெற்ற 370/155 முதலிய முந்திய பொறிகளுக்கு, அவ்வாற்றலைப் பெறத் தனி உறுப்பொன்றைப் பொருத்த வேண்டியிருந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பத்தில் ஒரு பங்கை இரும எண்முறையில் பிழையின்றி எழுத இயலாது. பணக்கணக்கிற்கு இது பெருங்குறை. அக்குறை நீக்கும் பதின்ம மிதவைப்புள்ளிக் கட்டளைகள் 2007இல் இசட்9 பொறிக்கு வந்தன. ஆனால் அங்கே அவற்றை நிறைவேற்றியது, மில்லிகோடு என்னும் உள்நிரலே. அவை மின்சுற்றிலேயே அமைந்தது 2008இல் வந்த இசட்10 பொறியில். ஆகவே, கட்டளை பிறந்த ஆண்டு ஒன்று. வன்பொருளில் குடிபுகுந்த ஆண்டு வேறு.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. புதிய கட்டளை கொண்ட நிரலை, அதை அறியாத பழைய பொறியில் இட்டால், அவ்விடத்திலேயே வேலை அறுபடும். பேரிடர் வேளையில் கைகொடுக்க வைத்த மாற்றுப்பொறி பழையதாயின், அந்த வேளையில் வங்கியின் கணக்கு என்னாவது?

எனவே, நிரல் எழுதும் இளைஞர்கள் ஆண்டை மனப்பாடம் செய்வதினும் பொறியையே வினவுதல் நன்று. எஸ்.டி.எப்.எல்.இ. என்னும் கட்டளை, அப்பொறியிலுள்ள வசதிகளைப் பட்டியலிட்டுத் தரும். பதின்மக் கணக்கு உண்டா என்பதற்கு 42ஆம் பிட்டு. அது விரைந்து நடக்குமா என்பதற்கு 43ஆம் பிட்டு. உண்மை எதுவென, பொறியே சான்று பகரும்.