கடல் பார்த்த வாடகை வீடுகள்

திருக்கடையூருக்கு மணிவிழா, சதாபிஷேகம் செய்ய வரும் குடும்பங்கள் அப்படியே தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி இரண்டு நாள் தங்க விரும்புவது இயல்பு. அதற்காகக் கரையில் புது அடுக்குமாடி எழுப்பக் கூடாது. அவ்வூர் ராஜ வீதியின் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட வேண்டும். கரையில் புதிதாகக் கட்டுவது ஆபத்து: அங்குள்ள 14ஆம் நூற்றாண்டு மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் கொண்டுவிட்டது. 2004 ஆழிப்பேரலையையும் இந்தக் கரை பார்த்தது. பழைய வீட்டைப் பராமரிக்கச் செலவாகும் என்பார்கள். உண்மைதான். சிமெண்ட் பூசினால் உப்பீரம் உள்ளேயே தங்கிச் சுவர் பொரிந்து உதிரும். சுண்ணாம்பே பூச வேண்டும், அதற்குக் கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும். அந்தச் செலவுக்கு வாடகைதான் வழி. பழைய கலெக்டர் பங்களா விடுதியாகிப் பிழைத்திருப்பது கண்ணெதிரே நிற்கிறது. லாபம் வெளியூர் முதலாளிக்கே போகும் என்ற அச்சமும் நியாயமே. உள்ளூர்க்காரர்களுக்கே உரிமம், மீனவர் வலை உலர்த்தும் மணலில் வேலி கூடாது என்று பேரூராட்சி இப்போதே விதிக்கட்டும்.

– ஒரு வாசகர், திருக்கடையூர்