தடை அரசுடையது, வாடகை யாருடையது?

மதுரையில் வீடு தேடி வரும் வெளியூர்க்காரர் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'ஒத்தி'. "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான் தரகரின் முதல் கேள்வி. ஜெய்ஹிந்துபுரத்திலும் வில்லாபுரத்திலும் செல்லூரிலும் மின்கம்பத்தில் ஒட்டிய தாள்களிலும் அதே சொல்தான். ஐந்து லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது அதே ஐந்து லட்சம் வட்டியில்லாமல் திரும்பி வரும். சென்னையில் இதைப் போக்கியம் என்பார்கள், லீஸ் என்பார்கள்.

ஒத்தி பழைய வழக்கம்தான், நிலத்தில் பிறந்தது. ஆனால் நகரத்து மாடி வீடு வரை அது ஏறி வந்ததற்கு வீட்டுக்காரரின் பணத்தேவை மட்டும் காரணமில்லை. குடிவந்தவர் வாடகையும் தராமல் வீட்டையும் விடாமல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் ஒரு காரணம். ஒத்தியில் அந்தப் பயம் இல்லை. பாக்கி விழ வாடகையே கிடையாது. பணத்தை எடுத்து வைத்தால் சாவி கைக்கு வரும். இந்தப் பயத்தை வளர்த்ததில் சட்டத்துக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. வெளியேற்றத்தைத் தடுக்கும் அரசு அதற்கான செலவை யார் தலையில் வைக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை போட்டது. தொழிலாளர்களிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொல்லி நெருக்கினால் நடவடிக்கை பாயும் என்றது. அந்த நேரத்தில் அதைத் தவறென்று சொல்ல மனசாட்சி உள்ள எவராலும் முடியாது. ஊரடங்கில் தெருவுக்கு வந்தவன் எங்கே போவான்? மதுரைக்கு அது இரட்டை அடி. மாநிலத்தின் பல ஊர்கள் மூச்சுவிடத் தொடங்கியபோது, ஜூன் 24 முதல் இங்கே மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. சிம்மக்கல்லில் மூட்டை தூக்கியவருக்கும் டவுன்ஹால் ரோட்டு ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கும் அன்றாட வருமானம் நின்றது.

ஆனால் அந்த ஆணையில் ஒரு வரி இல்லை: கேட்காமல் விட்ட வாடகையை யார் ஈடுகட்டுவது? மதுரையில் வீட்டுக்காரர் என்றால் மாளிகைக்காரர் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கீழே தான் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டவர், கணவர் போன பிறகு வளவில் (ஒரே முற்றத்து வீடுகளில்) நாலு குடித்தனத்தின் வாடகையில் மாத்திரை வாங்குபவர், ஓய்வுக் கொடையைச் சுவராக மாற்றியவர் — பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். வங்கிக் கடனுக்குத் தவணை தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாதங்களுக்கான வட்டி நிற்கவில்லை.

அதே நாளில் டெல்லியில் முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால், ஏழைகளால் வாடகை கொடுக்க முடியாவிட்டால் அரசே கொடுக்கும் என்று செய்தியாளர்களிடம் வாக்குக் கொடுத்தார். கொடுக்கவில்லை. கூலித் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, முதல்வர் கொடுத்த வாக்கு காற்றில் போகக் கூடாது, அரசு முடிவெடுக்க வேண்டும் என்றார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 'வாடகை கேட்காதே' என்ற ஆணைக்கு அதிகாரம் இருந்தது. 'நான் கொடுக்கிறேன்' என்ற சொல்லுக்கு இல்லாமல் போனது.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. 2020 செப்டம்பரில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் வீட்டு வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. வீட்டு உரிமையாளர்கள் வழக்காடினார்கள். இவ்வளவு பெரிய அதிகாரத்தை நாடாளுமன்றம் அந்த மையத்துக்குக் கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றம் தடையை எடுத்துவிட்டது. ஆனால் அங்கே தடையோடு பணமும் இருந்தது. வாடகை உதவிக்கென்று இரண்டு தவணையாகச் சுமார் 4,650 கோடி டாலரை அரசு ஒதுக்கியது. பட்டுவாடாவில் தாமதம், குளறுபடி எல்லாம் உண்டு. ஆனாலும் செலவு அரசுடையது என்ற ஒப்புதலாவது இருந்தது.

நம்மிடம் அந்த ஒப்புதல் எப்போதுமே இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது அவசர ஏற்பாடாக வாடகைக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1946-இல் ஒரு சட்டம், 1949-இல் இன்னொன்று, 1960-இல் 18-ஆம் எண் சட்டம். கடைசியாகச் சொன்னது 2019 வரை வாழ்ந்தது. வழியில் ஒதுங்கியவர் குடியேறிவிட்ட கதைதான்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை மும்பைச் சட்டத்தோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. மும்பையில் வாடகை 1940-ஆம் ஆண்டு மட்டத்தில் உறைந்து கிடந்தது. இங்கே இடத்தின் மதிப்பையும் கட்டடச் செலவையும் கணக்கிட்டு, குடியிருப்புக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று நியாய வாடகை கேட்க வழி இருந்தது. சிக்கல் வாடகையில் அல்ல, காலி செய்வதில். வேண்டுமென்றே வாடகைப் பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது எனக் காரணங்களைச் சட்டம் எண்ணி வைத்திருந்தது. அவற்றில் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். முன்சீப் கோர்ட்டில் ஆர்.சி.ஓ.பி. என்ற வாடகைக் கட்டுப்பாட்டு மனு, சப் கோர்ட்டில் அப்பீல், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு, அதன் பிறகு நிறைவேற்று மனு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் திறந்தது. அதற்கு முன் மாசி வீதியில் ஒரு பத்தடிக் கடைக்காகச் சென்னைக்கு ரயிலேறியவர்கள் உண்டு. வழக்குப் போட்டவர் காலமாகி, மகன் கக்ஷிக்காரராகி, அவருக்கும் நரைத்துப்போன கதைகளை மதுரை வக்கீல்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கக்ஷிக்காரர்கள் சிரிப்பதில்லை.

நான் சிறுவனாக இருந்த வளவில் ஒரு பெரியவர் மாதாமாதம் மணியார்டரில் வாடகை அனுப்புவார். வீட்டுக்காரர் இருப்பதோ பத்தடி தள்ளி, அதே முற்றத்தில். கையில் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். வாங்காமல் விட்டுப் பாக்கி என்று வழக்குப் போடுவார் என்று இவருக்குப் பயம். வீட்டுக்காரர் மறுத்தால் அவரது வங்கிக் கணக்கைக் கேட்டு நோட்டீஸ் கொடு, சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்பு, அதையும் மறுத்தால் வாடகைக் கன்ட்ரோலரிடம் கட்டு என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவே வழி சொல்லியிருந்தது. திரும்பி வந்த மணியார்டர் ரசீதுகளை அவர் பத்திரம்போல டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு குடும்பங்கள் தபால் இலாகா மூலம் பேசிக்கொண்டன. இரண்டு பேரில் யாரும் கெட்டவர் இல்லை.

வாடகைக் கட்டுப்பாட்டின் பாரத்தைத் தாங்க எல்லாருக்கும் ஒரே தோள் என்றும் சட்டம் வைக்கவில்லை. 1970-களில் வந்த அரசாணைகள் சமய அறநிலையங்களின் கட்டடங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தன. குறைந்த வாடகையால் அறக்காரியங்கள் கெடுகின்றன என்பது அரசு சொன்ன நியாயம். உச்ச நீதிமன்றமும் பின்னர் ஏற்றது. கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரில் இதன் பொருள் பெரிதாக இருந்தது. கோயில் கடைக்காரருக்கு இல்லாத பாதுகாப்பு, எதிர்ச் சாரியில் தனியார் கட்டடத்தில் இருந்தவருக்கு இருந்தது. குறைந்த வாடகை கோயில் நந்தாவிளக்கை அணைக்கும் என்று புரிந்துகொண்ட அரசுக்கு, வளவு வைத்திருந்த கைம்பெண்ணின் அடுப்பு மட்டும் கண்ணில் படவில்லை.

சொத்துரிமை என்று நீதிமன்றம் போனால்? 1978-இல் 44-ஆவது திருத்தத்தோடு சொத்து அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து இறங்கி 300ஏ பிரிவில் உட்கார்ந்தது: சட்டத்தின் அதிகாரமின்றிப் பறிக்கக் கூடாது, அவ்வளவே. ஆகவே வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் சமத்துவப் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் தமிழ்நாட்டில் அதே சமத்துவம் 1986-இல் குடியிருப்போர் பக்கம் நின்றது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேலிருந்தால் அந்த வீட்டுக்குச் சட்டம் பொருந்தாது என்ற விதியை, ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. கடைக்கு அந்த வரம்பு இல்லை, வீட்டுக்கு மட்டும் ஏன் என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் விளைவாக ஏழைக்கென்று வந்த கேடயம் வசதியானவர் கைக்கும் போனது. 2024 நவம்பர் 5 அன்று, மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்களிலிருந்து கிளம்பிய வழக்கில், தனியார் சொத்து எல்லாமே சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

ஊருக்கு வெளியே, பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்களைப் பார்த்தால் இந்தக் கதையின் முன்பதிப்பு கிடைக்கும். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நினைத்தபோது குத்தகைதாரரை இறக்கிவிடும் வழக்கத்துக்குத் தடை போட்டது. அதற்குத் தேவை இருந்தது. உழுதவன் அதுவரை பட்ட பாடு கொஞ்சமல்ல. நிலக்காரர்கள் சிலர் என்ன செய்தார்கள்? எழுதிக் கொடுப்பதை நிறுத்தினார்கள். வாய்ப்பேச்சில் வாரம், போகத்துக்கு ஓர் ஆள், ரசீது கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. ஏட்டில் பெயர் ஏறியவர் பிழைத்தார். ஏறாதவருக்குப் பாதுகாப்பே பகையானது.

நகரத்திலும் அதுவே நடந்தது. பதினோரு மாத ஒப்பந்தம், பத்து மாத அட்வான்ஸ், கடைக்குப் பகடிப் பணம், வீட்டுக்கு ஒத்தி, கூடவே "என்ன ஆளுக?", "கவிச்சி சமைப்பீகளா?" என்ற கேள்விகள். இந்தக் கேள்விகளை நான் நியாயப்படுத்தவில்லை. சாதியும் மதமும் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே வாசலில் நின்றவை. ஆனால் உள்ளே விட்டவரை வெளியே அனுப்புவது கஷ்டம் என்று ஆனபோது, யாரை உள்ளே விடுவது என்ற சல்லடையின் கண்கள் இன்னும் குறுகின. பாதுகாப்பு முழுதும் உள்ளே இருந்தவருக்கு. வாசலில் நின்றவருக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவர்களிலும் கோர்ட்டுக்குப் போகத் தெரிந்தவருக்குத்தான். மற்றவருக்குத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாலே போதும், வீடு காலி. அவர்களுக்கு உண்மையில் கிடைத்த ஒரே அவகாசம் பஞ்சாங்கம் கொடுத்தது: ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள்.

2017-ஆம் ஆண்டின் 42-ஆம் எண் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் களைந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அட்வான்ஸுக்கு அளவுகோல் மூன்று மாத வாடகை. இரண்டு மாதம் பாக்கி வைத்தால் காலி செய்யக் கேட்கலாம். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. பழையதைவிட நேர்மையான சட்டம். ஆனால் இதில் ஒரு வினோதம் உண்டு. எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். வாய்ப்பேச்சில் இருபது வருஷம் இருந்தவரிடம் திடீரென்று புது வாடகையோடு ஒரு தாளை நீட்டி, அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே வழக்காக்க இடமிருக்கிறது. எண்பது வருஷம் ஒரு பக்கம் சாய்ந்த தட்டை நிமிர்த்தப் போய் மறுபக்கம் சாய்த்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பெருந்தொற்றோ பெருவெள்ளமோ, இன்னொரு தடைக்கு அரசு ஒரு நாள் தயாராகும். தயாராகட்டும். ஆனால் அந்த ஆணையிலேயே நாள் குறித்திருக்க வேண்டும், வாடகையின் ஒரு பங்கு கருவூலத்திலிருந்து வர வேண்டும். ரேஷன் கடை அரிசிக்கு மளிகைக் கடைக்காரரையா பணம் கேட்கிறோம்? தலைக்கு மேல் கூரை மட்டும் ஏன் பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் தருமமாக இருக்க வேண்டும்?

அந்த நாள் வரும்வரை ஒத்தியைப் பார்க்கலாம். சட்டப்படி அது வாடகையே அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும் சுவாதீன அடமானம். பணம் திரும்பும்வரை வீட்டைப் பிடித்து வைத்திருக்கும் வலுவான உரிமை — பத்திரம் பதிவாகியிருந்தால். மதுரையில் ஒத்திப் பத்திரம் என்று கைமாறுவது பெரும்பாலும் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கிய தாள். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்று, கடன் மீட்புக்கான சர்ஃபாசி சட்டத்தில் வங்கி ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினால், ஐந்து லட்சம் கொடுத்தவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

ஏன் பதிவதில்லை? சுவாதீன அடமானத்துக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய் முத்திரைத் தீர்வை, ஒரு ரூபாய் பதிவுக் கட்டணம். ஐந்து லட்சம் ஒத்திக்கு 25,000 ரூபாய். சுவாதீனம் இல்லாத அடமானத்துக்குத் தீர்வையே ஒரு ரூபாய்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. நாள்கூலி வாங்குகிறவர் நகையை வைத்து ஒத்திப் பணம் புரட்டும்போது பதிவுக்கு மட்டும் 25,000 எங்கே போவார்? வீட்டுக்காரரும் கொடுக்க மாட்டார். குடியிருப்பு ஒத்திக்கு, ஒரு வரம்பு வரைக்குமாவது, இந்தத் தீர்வையைப் பெயரளவுக்குக் குறைத்தால் வீட்டுக்காரரின் உரிமையில் ஒரு செங்கல்லும் குறையாது. வில்லங்கச் சான்றில் கடனும் ஒத்தியும் சேர்ந்தே தெரியும். அரசுக்கு வருமானம் போகுமே என்றால், பதியாத பத்திரத்தில் இப்போது மட்டும் என்ன வந்துகொண்டிருக்கிறது?