முழங்காலும் சனி பகவானும்

நமது ஸ்ரீவைகுண்டத்திற்கு இரண்டு பெருமைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தாமிரபரணி அணை. அதனால் நெல்லும் வாழையும் விளைகின்றன. மற்றொன்று, நவகைலாயத்தில் இது சனி ஸ்தலம் என்பது. அதனால் யாருக்கு என்ன விளைகிறது என்பதைப்பற்றியே இன்று எழுதுகிறோம்.

நடவு நட்டும் வாழைத்தார் சுமந்தும் ஐம்பது வயதில் முழங்கால் வீங்கிப்போன ஒரு தாய் ஜோசியரிடம் போனால், "சனி காலைப் பிடித்திருக்கிறான், எள் விளக்குப் போடு" என்கிறார். சனியே நொண்டி என்று புராணம் சொல்லுவதால், கால் நோய்க்கெல்லாம் அவனே சொந்தக்காரனாக்கப்பட்டு விட்டான். கூலிப் பணம் எண்ணெயாய் எரிகிறது. ஆகவே காலைப் பிடித்தது யார் என்று பார்ப்போம்.

முழங்காலில் எலும்போடு எலும்பு உரசாதபடி வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் உயிரணுக்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்குதான். அந்தச் சிறு கூட்டமே மற்ற யாவற்றையும் கட்டுகிறது. அணுவுக்குள் முதலில் நீண்ட புரதத் தண்டு ஒன்று உண்டாகிறது. பிறகு கோல்கி என்ற பகுதியில், அத்தண்டின்மேல் சர்க்கரை இழைகள் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டு, கந்தகச் சத்தும் ஏற்றப்படுகிறது. ஒரு தண்டில் சுமார் 100 இழைகள். பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற உருவம். இதற்குத்தான் புரோட்டியோகிளைக்கான் என்று பெயர். வெளியே வந்ததும் இவை ஒரு நீண்ட கொடியில் வரிசையாய் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளுகின்றன. மெத்தை அதுதான். அது மிஞ்சிப் புடைக்காதபடி கொல்லாஜன் என்னும் நார் வலை கட்டுகிறது. அந்த நார் மூன்று புரிக் கயிறு என்று 1954ல் வெளியிட்டவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் வேதத்தைப் புரட்டிக் கண்டதல்ல. எக்ஸ்ரே படத்தை ஆராய்ந்து கண்டது.

நிற்க, கட்டுகிற அணுவே பழைய பிரஷ்களை வெட்டும் கத்திரிகளையும் செய்கிறது. அவற்றில் முக்கியமான இரண்டு 1999ல் இனங்காணப்பட்டன. வயது, பழைய அடி, உடல் பாரம், ஓயாமல் குத்தவைத்துச் செய்யும் வேலை இவற்றால் வெட்டுவது கட்டுவதை மிஞ்சினால் மெத்தை தேய்கிறது. குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லாததால் தேய்ந்தது லேசில் வளருவதில்லை. இந்தக் கணக்கில் சனிக்கு எங்கே இடம்? விளக்கில் எரிந்த எண்ணெய் எந்த வழியாய் அந்த அணுவுக்குப் போய்ச் சேருகிறது? அர்ச்சகர் முழங்காலில் ஒரு இழையும், சேரி மனிதன் முழங்காலில் வேறு இழையுமா இருக்கிறது?

"பரிகாரம் செய்தவனுக்கு வலி குறைந்ததே!" என்பார்கள். குறையலாம். சுறா, மாடு முதலியவற்றின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கும் இதே கந்தக இழை மாத்திரையாக விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 1583 முழங்கால் நோயாளிகளிடம் இதையும் சோதித்து 2006ல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தின்றவர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்கு, 24 வாரத்தில் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது! அசல் மாத்திரை மொத்தத்தில் அதைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. வெறும் மாத்திரைக்குக் கிடைத்த பெயர்தான் எள் விளக்குக்கும் கிடைக்கிறது. விஞ்ஞானம் தன் மருந்தையே சோதித்து, பலனில்லை என்று ஒப்புக்கொள்ளுகிறது. எந்தக் கோவிலாவது தன் பரிகாரத்தை இப்படிச் சோதிக்கச் சம்மதிக்குமா?

ஆகவே தோழர்களே! தாய்மார்களே! முழங்கால் வலித்தால் ஜாதகத்தைத் தூக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடல் பாரத்தைக் குறையுங்கள். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைக் கற்றுச் செய்யுங்கள். நின்றபடி களையெடுக்கும் கருவியைப் பண்ணையாரிடம் கேளுங்கள். உழைத்துத் தேய்ந்த காலுக்கு வேண்டியது ஓய்வும் வைத்தியமும் நியாயமான கூலியுமே ஒழிய, கிரகத்திடம் மன்னிப்பு அல்ல. காலைப் பிடித்தது சனியல்ல; அந்தக் காலைத் தேய விட்டவர்களைக் கேள்வி கேட்காதபடி நம் வாயைப் பிடித்திருப்பதுதான் சனி.